திரை பெரிதானது, எழுத்து மங்கியது: மானிட்டரின் படத் தரம் எதில் இருக்கிறது?

என்னுடைய பழைய மானிட்டர் 21.5 இன்ச். ஏழெட்டு வருடம் ஒழுங்காக உழைத்துவிட்டு ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. புதிது வாங்கக் கடைக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் போட்டால் 27 இன்ச் கிடைக்கும், எதற்குச் சின்னதாக வாங்குகிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். "அதுவும் ஃபுல் எச்.டி., இதுவும் ஃபுல் எச்.டி.தான் சார்." நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மாட்டி, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துகளின் ஓரமெல்லாம் எலி கடித்தது போல இருந்தது. ‘ணை’யின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பழைய திரையில் இப்படி இருந்ததே இல்லை. கூடக் காசு கொடுத்து மங்கலான படத்தை வாங்கி வந்திருக்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டுமே ஃபுல் எச்.டி.தான். சிக்கலே அங்குதான் இருக்கிறது. மானிட்டர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இரண்டு மூன்று எண்களை வைத்துப் படம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக்கூடிய எண்கள் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கிடக்கும். சிலது அச்சிலேயே இருக்காது, நாமே கணக்குப் போட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரே கோலம், பெரிய வாசல்

திரை என்பது புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்று சொல்வது அந்தப் புள்ளியைத்தான். ஃபுல் எச்.டி. என்றால் குறுக்கே 1,920, மேலிருந்து கீழே 1,080. பெருக்கினால் 20,73,600 பிக்சல்கள். இதைத்தான் ரெசொல்யூஷன் என்கிறோம். 15 புள்ளி 15 வரிசை என்று கோலத்துக்குச் சொல்வதும் இதே கணக்குதான். அதே 15 புள்ளிக் கோலத்தைச் சின்ன வாசலிலும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம். தெருவை அடைத்துப் போட்டால் கோலத்துக்குப் புதிதாக ஒரு நெளிவும் வந்துவிடாது, புள்ளிகளுக்கு நடுவே இடைவெளிதான் கூடும். என் 27 இன்ச் மானிட்டரில் நடந்தது அதுவே. பழையதில் ஒரு பிக்சலின் அகலம் கிட்டத்தட்ட 0.25 மில்லிமீட்டர். புதியதில் 0.31.

ஆக, ரெசொல்யூஷனை மட்டும் கேட்டால் போதாது. ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். குறுக்கு எண்ணையும் நெடுக்கு எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட அளவால் வகுத்தால் அது வந்துவிடும். பிதாகரஸ் தேற்றம்தான். ஃபுல் எச்.டி. என்றால் மூலைவிட்டத்தில் 2,203 பிக்சல். 21.5 இன்ச்சில் அது இன்ச்சுக்கு 102 ஆகிறது, 24 இன்ச்சில் 92, 27 இன்ச்சில் வெறும் 82. அதே 27 இன்ச்சில் 2,560 x 1,440 வாங்கியிருந்தால் 109 கிடைத்திருக்கும். 4கே (3,840 x 2,160) என்றால் 163. இப்போதைய 15.6 இன்ச் ஃபுல் எச்.டி. லேப்டாப்பில் 141 இருக்கிறது. மேசை மானிட்டரைவிட லேப்டாப்பில் எழுத்து கூர்மையாகத் தெரிகிறதே என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான்.

எத்தனை இருந்தால் போதும்? அதற்குக் கண்ணைக் கேட்க வேண்டும். கண் மருத்துவரிடம் 6/6 என்று எழுதி வாங்கி வருகிறோமே, அந்தப் பார்வைக்கு ஒரு டிகிரியின் 60-இல் ஒரு பங்கு அளவிலான இடைவெளியைப் பிரித்தறிய முடியும் என்று பொருள். மேசையில் வைத்த மானிட்டரை நாம் சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் ஒரு டிகிரியின் 60-இல் ஒரு பங்கு என்பது 0.17 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 145 பிக்சல். அதற்கு மேல் போனால் பிக்சலைத் தனித்தனியாகக் காண்பது சிரமம். கீழே இறங்க இறங்க, படிக்கட்டு போன்ற ஓரங்கள் கண்ணில் படும். 100, 110 வரை பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. 82 என்பது, என்னைப் போல நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குச் சரிப்படாது. விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் என்றால் அவ்வளவு மோசமில்லை. ஓடும் படத்தில் ஓரங்களை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் என்கிற உத்தி, அந்த மூன்று பட்டைகளையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தி எழுத்தின் ஓரத்தை மழுப்பாமல் காட்டப் பார்க்கிறது. பட்டைகள் பக்கவாட்டில் நிற்பதால் ஆதாயமும் பக்கவாட்டில்தான். மேலிருந்து கீழாக நெருக்கம் கூடுவதில்லை. ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் போதும். நமக்கோ ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கிறது. பொடி எழுத்தில் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு பிக்சல். அது கொஞ்சம் மங்கினாலும் ‘பட்டம்’ என்பது ‘படடம்’ போலத் தெரிந்து கண் ஒரு கணம் தடுமாறும். இகரக் கொம்பும் ஈகாரச் சுழியும் அப்படித்தான். அதனால் தமிழ் படிப்பதற்கு மானிட்டர் வாங்குகிறவர்கள் கடையில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் போட்டுவைத்திருக்கும் நீர்வீழ்ச்சி வீடியோ எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

இந்தப் பட்டை வரிசை எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. சில ஓ.எல்.இ.டி. மானிட்டர்களில் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) மூன்று நிறமும் முக்கோணமாக அடுக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் வெள்ளைக்கென்று நான்காவதாக ஒன்று இருக்கும். விலை எக்கச்சக்கமாக இருந்தும் எழுத்தின் ஓரத்தில் லேசாக ஊதாவோ பச்சையோ தெரிகிறது என்று சிலர் புலம்புவது இதனால்தான்.

ஆபீஸ்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று செட்டிங்ஸில் போய் ரெசொல்யூஷனைக் குறைத்துவிடுவார்கள். 1,920 பிக்சல் உள்ள திரைக்கு 1,366 பிக்சல் படத்தை அனுப்பினால், ஒரு பிக்சலை 1.4 பிக்சலாக நீட்ட வேண்டும். பிக்சலைப் பாதியாக வெட்ட முடியாது அல்லவா? பக்கத்துப் பிக்சலோடு கலந்து பூசி மெழுகுகிறது மானிட்டர். படம் முழுக்க சோப்பு நீர் தெளித்தது போல ஆகிவிடும். பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. அங்கே எலக்ட்ரான் கற்றை ஓடி ஓடிப் படம் வரைந்தது, இப்படிக் கட்டம் கட்டிய பிக்சல் கிடையாது. இப்போதைய திரைகளுக்கு அவற்றின் சொந்த ரெசொல்யூஷன் ஒன்றே ஒன்றுதான். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் அதைத் தொடாமல், ஸ்கேல் என்று இருக்கும் இடத்தில் 125 அல்லது 150 சதவீதம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பு எவ்வளவு கறுப்பு?

கூர்மைக்கு அடுத்தபடி படத்தை வாழவைப்பதும் கெடுப்பதும் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். என்னைக் கேட்டால் ரெசொல்யூஷனைவிட இதற்கே முதல் இடம் கொடுப்பேன், ஆனால் கடையில் இதைப் பற்றிப் பேசும் ஆளைப் பார்ப்பது அரிது.

இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான மானிட்டர்கள் எல்.சி.டி. வகை. எல்.இ.டி. மானிட்டர் என்று விற்பவையும் எல்.சி.டி.தான், பின்னால் விளக்காக இருப்பது மட்டும் எல்.இ.டி. அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதன் முன்னால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குட்டி ஜன்னல் கதவு. கதவாக வேலை செய்வது திரவப் படிகம், அதாவது நீர் போல ஓடவும் செய்து, படிகம் போல ஒழுங்காக வரிசை கட்டவும் செய்கிற ஒரு பொருள். இதை முதலில் கவனித்தவர் மின்னணுக்காரர் யாருமில்லை, ஃப்ரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். 1888-இல் பிராகா நகரில், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, அது இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் இரண்டு முறை உருகுவதைக் கண்டு குழம்பினார். கேரட்டில் ஆரம்பித்தது நம் மேசைக்கு வந்து நிற்கிறது.

சரி, கதவுக்கு வருவோம். மின்னழுத்தத்தை மாற்றினால் கதவு திறக்கும், பாதி மூடும், முழுக்க மூடும். ஆனால் முழுக்க மூடினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். திரையின் கறுப்பு என்பது அந்தக் கசிவுதான். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு கறுப்புப் படத்தைத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். கரிய இருட்டுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் ஒளி தெரியும், சில மானிட்டர்களில் மூலையில் கூடுதலாகவே தெரியும்.

மிக வெளிச்சமான வெள்ளையை இந்தக் கசிவால் வகுத்தால் வருவதுதான் கான்ட்ராஸ்ட் எண். வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். வெள்ளை 300 நிட், கசிவு 0.3 நிட் என்றால் கான்ட்ராஸ்ட் 1000:1. எல்.சி.டி. பேனல்களில், அதாவது திரைப் பலகைகளில், சில வகைகள் உண்டு. ஐ.பி.எஸ். வகையில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். வி.ஏ. வகையில் கதவு இன்னும் இறுக்கமாக மூடும், 3000:1 சாதாரணம். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டுமென்றால் தானே அணைகிறது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைய ஓ.எல்.இ.டி.க்கு வழி போட்டது. அதில் கறுப்பு என்றால் உண்மையிலேயே கறுப்பு. பதிலுக்கு ஒரு குறை: ஒரே இடத்தில் ஒரே படம் வருடக்கணக்கில் நின்றால் தழும்பு விழ வாய்ப்பு உண்டு. கீழே டாஸ்க்பார் எப்போதும் நிற்கிற கணினிக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

பெட்டியில் 1,00,00,000:1 என்று ஒரு எண் பார்த்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அது டைனமிக் கான்ட்ராஸ்ட். படம் முழுக்க இருட்டாக இருக்கும்போது பின்விளக்கையே இறக்கிவிட்டு அளந்த கசிவையும், விளக்கை உச்சத்தில் வைத்து அளந்த வெள்ளையையும் வகுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் வருவதில்லை.

இன்னொரு உண்மையும் உண்டு, அது மானிட்டர் விற்கிற யாரும் சொல்லாதது. கான்ட்ராஸ்ட் பாதி உங்கள் அறையில் இருக்கிறது. பக்கத்தில் ஜன்னல், பகல் நேரம். திரையின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு 3 நிட் என்று வைத்துக்கொள்வோம். அது வெள்ளையோடும் சேரும், கறுப்போடும் சேரும். 300 என்பது 303 ஆகும், 0.3 என்பது 3.3 ஆகும். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 92:1. வி.ஏ. பேனலில் கசிவு 0.1 தான் என்றாலும் 303-ஐ 3.1-ஆல் வகுக்க வேண்டும், 98:1. காசு கொடுத்து வாங்கிய 3000:1 ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வைப்பதோ ஒரு திரைச்சீலை போடுவதோ, அடுத்த விலைப் படிக்குத் தாவுவதைவிட அதிகம் செய்யக்கூடும். ராத்திரியில் விளக்கைக் குறைத்துக்கொண்டு படம் பார்க்கிற வீட்டில்தான் வி.ஏ.வும் ஓ.எல்.இ.டி.யும் தங்கள் முழு அழகைக் காட்டும். பளபளப்பான கண்ணாடித் திரை என்றால் பின்னால் நிற்கும் பீரோகூடத் தெரியும். சொரசொரப்பு பூசிய திரையில் அது கலைந்துவிடும், ஆனால் வெள்ளைப் பக்கத்தில் லேசாக மணல் தூவினது போல ஒரு மினுமினுப்பு வரும். நான் எப்போதும் சொரசொரப்பு பக்கம்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடக் கூட நல்லது என்று நினைத்து பிரைட்னஸை நூறில் வைத்துவிட்டு, கண் எரிகிறது என்கிறவர்கள் நிறைய. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். நல்ல ஆபீஸ் வெளிச்சம் 500 லக்ஸ் இருக்கும். அதில் ஒரு வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும் ஒளி ஏறக்குறைய 125 நிட். அப்படியென்றால் 250 நிட் மானிட்டரே உள்ளறைக்குத் தாராளம். வீட்டில் ராத்திரி ஒற்றை பல்பு வெளிச்சத்தில் 100 லக்ஸ் இருந்தால் அதிகம். தாள் 25 நிட்டுக்குத்தான் வரும். அங்கே 300 நிட் திரை என்பது மூஞ்சிக்கு நேரே டார்ச் அடிப்பதற்குச் சமம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற வரை பிரைட்னஸை இறக்குங்கள். ரொம்பப் பழைய வித்தை, இன்றும் இதைவிட நல்லது ஒன்றும் வரவில்லை.

எச்.டி.ஆர்., அதாவது மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் வசதி என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்? வெசா என்ற தர அமைப்பு 2017 கடைசியில் டிஸ்ப்ளே எச்.டி.ஆர். என்று சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. அதன் கடைசிப் படியான 400-க்கு, பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைத்து ஏற்றும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாமல் எச்.டி.ஆரில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியாது. 400 ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க மாட்டேன்.

குங்குமம் செங்கல்லாகும் கதை

ஆன்லைனில் அரக்கு நிறப் புடவை என்று வாங்கி, பிரித்தால் வேறு சிவப்பாக இருந்த அனுபவம் எத்தனையோ வீட்டில் உண்டு. கடைக்காரரையே திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி நம் லேப்டாப் திரை.

எவ்வளவு ஆழமான சிவப்பு, பச்சை, நீலம் வரை ஒரு திரையால் போக முடியும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. இணையத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற எல்லைக்குள் செய்யப்பட்டவை. எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் சேர்ந்து முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது அது. மலிவு லேப்டாப்களின் விவரப் பட்டியலில் ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ என்று ஒரு வரி இருக்கும். என்.டி.எஸ்.சி. என்பது 1953-ஆம் ஆண்டு அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த எல்லை. அந்தக் கணக்கில் 72 சதவீதம் வந்தால்தான் பரப்பளவில் எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம். 45 என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பிக்சலுக்கு முன்னால் இருக்கும் நிற வடிகட்டியை மெல்லிசாக்கினால் வெளிச்சம் அதிகமாகக் கடக்கும், விளக்கைக் குறைத்துக்கொள்ளலாம், பேட்டரியும் மிச்சம். ஆனால் நிறம் வெளிறிவிடும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் நிற்கும். வாங்கும்போது இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். நூறு சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருந்தால் சாதாரண வேலைக்கு வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

எல்லை அகலமாக இருப்பதும் சில நேரம் வம்புதான். அகன்ற எல்லை உள்ள திரைக்கு சாதாரணப் படத்தை அப்படியே அனுப்பினால், எல்லா நிறமும் ஒரு படி ஏறிப் போய், மனிதர்கள் எல்லாரும் வெயிலில் காய்ந்து வந்தது போல இருப்பார்கள். மானிட்டர் மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. என்று ஒரு தேர்வு இருந்தால் அதற்கு மாற்றிவிடலாம்.

அடுத்தது, அந்த எல்லைக்குள் எத்தனை படிகள். ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் என்றால் 256 படி. மூன்றும் சேர்ந்து 1,67,77,216 நிறம். பழைய மலிவுப் பேனல்களில் பல 6 பிட்தான், 64 படி, மொத்தம் 2,62,144 நிறம். மிச்சத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், பக்கத்துப் படிகள் இரண்டுக்கு நடுவே பிக்சலை வேகவேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, நடுவே ஒரு நிறம் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கிறார்கள். அநேகமாகக் கண்டுபிடிக்க முடியாது. சாயங்கால வானம் போல மெல்ல மெல்ல நிறம் மாறும் படங்களில் மட்டும், பட்டை பட்டையாகப் படிக்கட்டு தெரியும்.

பார்க்கும் கோணமும் நிறத்தை மாற்றும். டி.என். வகைப் பேனல் போட்ட பழைய லேப்டாப் யாரிடமாவது இருந்தால் அதன் மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்; ஒரு கட்டத்தில் கறுப்பு வெளுத்து, முகமெல்லாம் போட்டோ நெகட்டிவ் போல ஆகும். இந்தக் கோளாறைத் தீர்க்க ஹிட்டாச்சி 1996-இல் கொண்டுவந்த ஐ.பி.எஸ்.தான் இன்று நடுத்தர விலை மானிட்டர்களில் அதிகம் இருப்பது. கறுப்பில் தோற்றாலும் கோணத்தில் ஜெயிக்கிறது.

கடையில் மானிட்டர்களை ‘விவிட்’ முறையில் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ‘ஸ்டாண்டர்ட்’டுக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் வெளிறிப்போனது போலத் தோன்றும். அப்புறம் பழகிவிடும், பழையதைப் பார்த்தால்தான் கண் கூசும்.

ஓடும் படம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் விளையாட்டுக்காரர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம், ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடி அசையாமல் நிற்கும். கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிற எழுத்து, இதனால் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120 ஹெர்ட்ஸில் அது 8 பிக்சல். பக்கத்தை உருட்டிக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ‘1 மில்லிநொடி’ என்று பெரிதாக எழுதியிருப்பது வேறு கணக்கு, பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். அந்த எண்ணை எட்ட மானிட்டரை உச்ச விரைவில் ஓட்டினால், நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் வால் முளைக்கும். மெனுவில் அதை நடு நிலையில் வையுங்கள்.

குற்றம் கேபிளில் இருந்தால்?

நல்ல மானிட்டரும் கெட்ட படம் காட்டும் சந்தர்ப்பங்கள் உண்டு. முதலாவது, அந்த நீல நிற வி.ஜி.ஏ. கேபிள். ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்தது, பல ஆபீஸ்களில் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதில் படம் அலையாகப் போகிறது. வழியில் சற்று மங்கும், வலப்பக்கம் ஆவி போல நிழல் விழும். எச்.டி.எம்.ஐ. இருந்தால் அதற்கு மாறிவிடுவதே வழி. அதற்காகத் தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்க வேண்டாம். அதில் போவது எண்கள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் படம் ஒன்றேதான். சேராவிட்டால் படம் பொரிப் பொரியாகும், விட்டு விட்டு வரும், இல்லை வரவே வராது.

இரண்டாவது, எச்.டி.எம்.ஐ.யில் தொலைக்காட்சிக் காலத்து வழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணினி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். தொலைக்காட்சி உலகம் 16-லிருந்து 235 வரை எண்ணும். கணினி தொலைக்காட்சிக் கணக்கில் அனுப்ப, மானிட்டர் அதைக் கணினிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால், கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்கப் பனி படர்ந்தது போல இருக்கும். மாற்றி நடந்தால் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒரே கரிக்கட்டியாகும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஃபுல், லிமிடெட் என்று இருப்பதை மாற்றிப் பாருங்கள். டி.வி.யை மானிட்டராகப் போட்டிருப்பவர்கள் அதிலுள்ள ஷார்ப்னஸையும் இறக்கிப் பார்க்க வேண்டும். கூர்மை என்று பெயர் வைத்திருந்தாலும், அது செய்வது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவது.

மூன்றாவது, பழைய லேப்டாப்பில் புதிய 4கே மானிட்டரைச் செருகினால் மவுஸ் சேற்றில் நடப்பது போலத் தடுக்கும். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 தான் போகும். 60 வேண்டுமென்றால் 2.0 இருக்க வேண்டும், மானிட்டர், லேப்டாப் இரண்டு பக்கமும்.

என்னுடைய 27 இன்ச்சைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, பழுதும் எதுவும் இல்லையே என்றார். இல்லைதான். மேசைக்கு 24 இன்ச்சில், 2,560 x 1,440 உள்ள ஒன்றை வாங்கிக்கொண்டேன். இன்ச்சுக்கு 122 பிக்சல், ‘ணை’ இப்போது ‘ணை’யாக இருக்கிறது. பெரிய திரையை ஹாலில் சுவரில் மாட்டி, அம்மா சீரியல் பார்ப்பதற்கு ஒரு பெட்டியை இணைத்துக் கொடுத்தேன். 0.31 மில்லிமீட்டர் பிக்சல், 107 சென்டிமீட்டருக்கு அப்பால் போனால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது.

"பளிச்சுனு தானே இருக்கு. இதுல என்னடா குறை கண்டே?" என்றார் அம்மா. ஏழு அடி தள்ளி, சோபாவில் உட்கார்ந்திருந்தார்.